வேண்டாம்னு இல்ல

என் புகுந்த வீட்டில் எதையும் நேராக நல்லது என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண் பட்டுவிடும். குறையும் சொல்ல மாட்டார்கள். அது சாமி கொடுத்ததைக் குற்றம் சொல்வது போலாகிவிடும். அதனால் எந்தப் பேச்சும் ‘இல்ல’யில் போய் முடியும். கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்தை இரண்டாம் முறை வாங்கி ஊற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் சொன்னார், “குடிக்க முடியாம இல்ல.” அன்று அழுதேன். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. மைசூரில் இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதில் எனக்கும் அதே பேச்சு வந்துவிட்டது. எங்கள் ஒரே மகள் வளர்ந்ததே அதில்தான்.

போன வருடம் அவளைக் குண்டலுபேட்டையில் கட்டிக் கொடுத்தோம். போனில், “எப்படி இருக்கே கண்ணு?” என்பேன். “மோசமில்லம்மா” என்பாள். எங்களுக்கு சந்தோஷத்துக்கும் அதே வார்த்தைதான், தாங்க முடியாததற்கும் அதேதான். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் போனோ எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். பக்கத்தில் மாமியார் இருமுவது கேட்கும். நான் என்ன கேட்க முடியும்? திங்கட்கிழமைதோறும் நஞ்சன்கூடு போய், “என் பிள்ளை எப்படி இருக்கா, நீயாவது நேரா சொல்லப்பா” என்று ஈஸ்வரன் முன்னால் நிற்பேன்.

ஒரு திங்கட்கிழமை வீடு திரும்ப மனம் வரவில்லை. கையில் பிரசாதத்தோடு குண்டலுபேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

“வாங்க சம்பந்தி. ஒரு போன் கூடப் பண்ணலையே?” என்றார் அவள் மாமியார். மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மருமகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“உங்க பொண்ணு வேலைக்கு மோசமில்லீங்க. தெருவுக்கு மட்டும் விடறதில்ல. நாங்க வெளிய போனா பூட்டிட்டுத்தான் போவோம். காலம் அப்படிக் கெடக்கு” என்றார் மாமியார்.

அடுப்படியில் மகளிடம் மெதுவாகக் கேட்டேன், “எங்கூட வந்துடறியா?”

அவள் பாலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், “வேண்டாம்னு இல்ல.”

சின்ன வயதில் சாமுண்டி மலைக்குப் போகலாமா என்று கேட்டால், செருப்பை மாட்டிக்கொண்டு நின்று இப்படித்தான் சொல்வாள்.

கூடத்துக்கு வந்து சம்பந்தியிடம், “நாலு நாள் அழைச்சிட்டுப் போனா தப்பில்லையேங்க?” என்றேன்.

“அனுப்ப மாட்டேன்னு யாரு சொன்னா? அனுப்பாம இருக்கப் போறதில்ல. இப்ப என்ன அவசரம்?”

மறுபடி கேட்டேன். மறுபடி அதே மரியாதை, அதே பதில். சண்டை போடவும் இடமில்லை. “சரிங்க” என்று எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். மகள் வெறுங்காலோடு பின்னால் வந்து நின்றாள். அவள் செருப்பைத் தேடினேன். மாமியார் செருப்பு இருந்தது, மருமகன் ஷூ இருந்தது. அவளுக்கு அந்த வாசலில் செருப்பே இல்லை.

“என் பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன்” என்றேன். வேறு எதுவும் வரவில்லை. என் செருப்பைக் கழற்றி அவள் காலருகே வைத்தேன்.

“ஏனுங்க, என்ன பேச்சு இது!” என்று பின்னால் சத்தம் வந்தது. ஈஸ்வரா ஈஸ்வரா என்றபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மைசூரில் கதவைத் திறந்த என் வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். என் வெறுங்காலைப் பார்த்தார். என் கையிலிருந்த போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதை வாங்கி அணைத்தார்.

“வந்தது தப்பில்ல” என்றார். உள்ளே போய் மூன்று தட்டு எடுத்து வைத்தார்.