மீசைக்காரர் கேட்ட கேள்வி

ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் வெல்டிங் சூப்பர்வைசருக்கு மீசையைத் தடவிக்கொண்டே பேசுவதுதான் பழக்கம். வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அது போகவில்லை. ஒருநாள் என் காதருகே குனிந்தார்.

“வவுத்துக் கட்டியில பொம்பள ஹார்மோன் ரிசப்டர் கீதான்னு ஆராய்ச்சிக்குப் பாக்கணும்னு ஆஸ்பத்திரில கேட்டாங்க சார். முடியாதுன்ட்டேன். லைன்ல வேல பாக்குற பசங்களுக்குத் தெரிஞ்சா மானம் போய்டும்.”

“அந்த ஹார்மோனும், அதைப் பிடிச்சுக்கிற ரிசப்டரும் ஆம்பளைங்க எல்லாருக்கும் இருக்குங்க. இதுல என்ன வெக்கம்?” என்றேன், படித்தவன் தோரணையில்.

அவர் முகம் தெளிந்தது. “அப்ப உங்களுக்கும் கீதா சார்?” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பினார்கள். “நான் பொதுவாச் சொன்னேங்க” என்று குரலைத் தாழ்த்தினேன். அவர் பார்வை மெல்ல என் கைக்கு வந்தது. அது என் மீசையைத் தடவிக்கொண்டிருந்தது.