தாண்டிப் போன பக்கங்கள்

எப்பேர்ப்பட்ட டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள் என்று மருந்துக்கடை அக்காவுக்குத் தெருவில் பெயர் உண்டு. இருபது வருடம் அதே கவுன்ட்டர். பகல் ஷிப்ட் முடிந்ததும் நேராக நாத்தனார் வீட்டுக்குப் போவாள். நாத்தனார் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை போய் நான்கு வருடமாகிறது. அவருக்குத் தினமும் ஒரு மணி நேரம் இவள் புத்தகம் வாசிப்பாள். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, தானாக ஏற்றுக்கொண்ட வேலை.

அந்த நாவலை டீச்சர்தான் ரேடியோவில் கேள்விப்பட்டு வாங்கச் சொன்னார். கதை என்று பார்த்தால், ஒருவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறான், அவ்வளவுதான். அதற்கு நானூறு பக்கம். மூன்றாவது அத்தியாயம் அந்த வீட்டிலிருக்கும் சாமான்களின் பட்டியல். அறுபத்துமூன்று பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளிகூடக் கிடையாது. ஒரே பத்தி நடுவில் மூன்று தடவை அப்படியே திரும்பி வந்தது. பகலெல்லாம் நின்று கால் கடுத்துப்போய் வந்தவளுக்கு எங்கே மூச்சு விடுவது என்றே தெரியவில்லை.

இரண்டாம் நாள் நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினாள். டீச்சருக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் பத்து. ஒட்டுப்போட்ட இடம் தெரியாமலிருக்க நடுவில் தன் சொந்தச் சரக்கையும் சேர்த்தாள். அப்படி ஒரு நாள் வாயில் வந்த வரி: "அம்மா போன பிறகும் சீப்பில் ஒரு முடி இருந்தது, அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை." அது அவளுடைய அம்மாவின் சீப்பு.

டீச்சர் கையமர்த்தினார். "அதை இன்னொரு தரம் படி."

படித்தாள்.

"இந்த ஒரு வரிக்காகவே இத்தனையும் பொறுத்துக்கலாம்மா."



புத்தகம் முடிந்ததும் எழுத்தாளருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார் டீச்சர். சீப்பு வரியை மேற்கோள் காட்டி அவர் சொல்லச் சொல்ல, இவள்தான் எழுதினாள். தபால்பெட்டி வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தாள். "போட்டுட்டியா?" என்று டீச்சர் மூன்றாம் முறை கேட்ட பிறகு போட்டாள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. உறையைப் பிரித்து மனதுக்குள் படித்தாள். நீங்கள் சொல்லும் வரியை நான் எழுதவில்லை. அந்த அத்தியாயத்தில் ஓர் ஆள்கூட வந்துவிடக் கூடாது, சாமான்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று பதினோரு மாதம் பாடுபட்டேன் என்று இருந்தது.

"என்ன எழுதியிருக்கார்? படி," என்றார் டீச்சர்.

அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று டீச்சருக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. நன்றி, வணக்கம் என்று இரண்டு வரி சொன்னால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் உள்ளதை உள்ளபடி, கடைசிக் கையெழுத்து வரை படித்தாள்.

டீச்சர் கை நீட்டித் தாளை வாங்கி மடித்து வைத்தார்.

"அப்போ அது நீ சேர்த்த வரி. எத்தனை பக்கம் விட்டே?"

"நாப்பது இருக்கும், அண்ணி."

"இதுக்கு முன்னாடி படிச்ச புத்தகங்கள்ல?"

"ரெண்டுல... கொஞ்சம் கொஞ்சம்."

"என்னால சரிபார்க்க முடியாதுன்னு தெரிஞ்சுதானே செஞ்சே?"



மறுநாள் போனபோது, "இன்னிக்கு வேண்டாம்மா," என்றார். அதற்கு மறுநாளும் அதே பதில். புத்தகம் இவள் பையிலேயே கிடந்தது. கடையில் மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த அறுபத்துமூன்று பக்கத்தையும் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். முதல் நாள் தலைவலிதான் மிச்சம். மூன்றாம் நாள், திரும்பி வந்த பத்தி அப்படியே திரும்பி வரவில்லை என்பது கண்ணில் பட்டது: ஒவ்வொரு தடவையும் ஒரு சாமான் குறைந்திருந்தது. முதலில் செருப்பு. பிறகு தண்ணீர்ச் செம்பு. யார் போனார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் யாரோ அந்த வீட்டை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். டீச்சரிடமிருந்து தான் பறித்துக்கொண்டது இதைத்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஒன்பதாம் நாள் டீச்சர் எதிரில் போய் உட்கார்ந்தாள். "அண்ணி, முழுசா படிச்சேன். விட்ட இடத்துலேர்ந்து படிக்கட்டுமா?"

"படி. மூச்சு வாங்கினா நிறுத்திக்கோ. தாண்டாதே."

ஐந்து நாள் ஆயிற்று. செம்பு காணாமல் போன இடத்தில் டீச்சர், "மறுபடி படி," என்றார். முடிந்ததும், "நல்லாத்தான் எழுதியிருக்கார். நடுவுல கொஞ்சம் இழுவை," என்று மட்டும் சொன்னார். சீப்பைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

வாசிப்பு இன்றும் நடக்கிறது. எங்காவது ஒரு வரி நன்றாக இருந்தால் டீச்சர் முன்போலக் கையமர்த்துவார். "இது புத்தகத்துல இருக்கிறதுதானே?" என்பார்.

"ஆமா, அண்ணி."

உண்மையைத்தான் சொல்கிறாள். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் முகம் சுடுகிறது.