கஞ்சி குடிக்கச் சொன்னேன்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது, மேலப்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளி வந்துபோவார். நாற்பது வயதிருக்கும். நீரிழிவுக்காரர். வலது காலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. அந்த நாளில் நீரிழிவுக்கு மருந்து என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வாயைக் கட்டுவதுதான் வைத்தியம். அதை நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. சோறு, கருப்பட்டி, பழம் எல்லாவற்றையும் விடச் சொன்னேன்.

வாரம் ஒரு முறை அவருடைய சிறுநீரை நீல மருந்தில் கலந்து காய்ச்சுவேன். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகிவிடும். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் ஆயிற்று. ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

“என்ன வே, பொய்யா சொல்லுதீரு? கருப்பட்டிய முழுங்கிட்டு இங்கன வந்து நிக்கீரே, வெக்கமா இல்ல?”

“அல்லா அறிய தொடலய்யா” என்றார். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“தெனமும் வீட்லயே காய்ச்சிப் பாரும்” என்று ஒரு கண்ணாடிக் குழாயையும் நீல மருந்தையும் கொடுத்து அனுப்பினேன். கற்றுக்கொள்ளட்டும் என்றல்ல, தன் பொய்யைத் தானே பார்க்கட்டும் என்றுதான்.

மூன்று வாரம் ஆளைக் காணோம். பிறகு வந்தவர், கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றுவிட்டுப் பைய என்னிடம் வந்தார்.

“ஐயா, ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்தேன். கஞ்சித்தண்ணி குடிச்சாத்தான் செவக்குது. அத விட்டா நீலமாவே நிக்குது. பசிச்சா அதக் குடின்னு நீங்கதான சொன்னிய? அதான் ஆளுவ போவட்டும்னு நின்னேன்.”

எனக்குக் காது சுட்டது. சொன்னது நான்தான். வடித்த கஞ்சி வெறும் தண்ணீர்தானே என்று நினைத்திருந்தேன். என்ன சாப்பிடுகிறீர் என்று அவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அப்போதும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “சரி, இனி குடிக்காதேயும்” என்றேன்.

புண் ஆறுவதற்குள் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் பிழைத்துக்கொண்டார், தறியில் மறுபடி உட்கார்ந்தார்.

ஒரு நாள் கட்டு அவிழ்க்கும்போது டாக்டர் அவரிடம், வீட்டிலேயே சோதித்துப் பார்க்க யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்.

“கம்பவுண்டர் ஐயாதான் சொல்லிக்குடுத்தாவ” என்றார் நெசவாளி.

டாக்டர் என் தோளில் தட்டினார். நான் குனிந்து பழைய துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.