இரண்டு பேரில் ஒருத்தி

சுகப்பிரியாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். சொல்ல வேண்டிய நேரத்தில் ஒரே ஒரு வாக்கியத்தை நான் முழுங்கினதால்தான் இவ்வளவும் ஆனது.

நான் மெர்சி. ஒரகடத்துக்காரி. ஸ்ரீபெரும்புதூரில் சார்ஜர் செய்கிற கம்பெனியில் 2008லிருந்து பெர்மனன்ட். சுகப்பிரியா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து 2011ல் காண்ட்ராக்டில் வந்தவள். தண்டலத்தில் ஒரே அறையில் ஆறு பெண்களோடு தங்கியிருந்தாள். லைனில் எனக்கு அடுத்த நாற்காலி. வாயே திறக்காத பெண் என்று முதல் நாள் நினைத்தேன். அடேயப்பா! ஒரே வாரத்தில் சூப்பர்வைசர் நாகப்பன் சாரைப் போல இடுப்பில் கை வைத்து நடந்து காட்டினாள். கேண்டீன் சாம்பாருக்குக் குற்றாலம் என்று பெயர் வைத்தாள். அவ்வளவு தண்ணீர்!

சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் அவளோடு பேச முடியாது. தபாலில் பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா இசக்கியப்பன் ஒரு நிபந்தனையோடுதான் அனுப்பியிருந்தார். வேலை இருக்கும்வரை கல்யாணப் பேச்சு இல்லை. வேலை போனால் அன்றைக்கே ஊருக்கு வந்து மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும்.

"மாமா மவன் நல்லவருதான்க்கா. ஆனா படிப்ப முடிக்க விடமாட்டாவ. இன்னும் ஒன்றர வருசம், எப்படியாவது ஓட்டிருதேன்" என்பாள்.

எங்கள் வேலையில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் போர்டில் பாய்ந்தால் போர்டு போய்விடும். தினமும் காலையில் பட்டையை மெஷினில் செருகி, விரலை வைத்து, பச்சை விளக்கு எரிந்ததும் பக்கத்தில் தொங்குகிற தாளில் அவரவர் பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். அடுத்தவருக்காக டிக் போடுவது பெரிய குற்றம். எல்லோரும் போடுவார்கள் என்பது வேறு விஷயம்.

2012 நவம்பரில் எங்கள் சபையில் விடியற்கால உபவாச ஜெபம் ஆரம்பித்தது. அதை முடித்து ஓடினால் கம்பெனி பஸ் போயிருக்கும். ஷேர் ஆட்டோ பிடித்து, மூச்சிரைக்க லைனுக்கு வந்தால் மெஷினுக்கு நிற்க நேரம் இருக்காது.

"சுகா, எனக்கும் சேத்து டிக் போட்டுடுடி. கர்த்தர் உன்ன ஆசீர்வதிப்பாரு" என்று நான்தான் கேட்டேன். ஆமாம், நான்தான் கேட்டேன்.

அவள் என் பேச்சைத் தட்டவில்லை. என் டிக்கின் நீள வால்கூட அப்படியே வந்தது.

அந்த மாதம் பஸ்ஸில் ஒரே பேச்சு: டிசம்பர் 21ல் உலகம் அழியப் போகிறதாம். எங்கள் பாஸ்டர் யாக்கோபு ஐயா அதைக் கேட்டுச் சிரித்தார். "நாளு கிழமல்லாம் மனுசனுக்குத் தெரியாதும்மா. ஆண்டவரு வர்றதுக்கு லேட் பண்றதே நம்மளுக்கு டைம் குடுக்கத்தான். உள்ளத க்ளீன் பண்ணி வெச்சிக்கினு ரெடியா இருங்க" என்றார். அவர் சொன்னதில் டைமை விட்டுவிட்டேன், க்ளீனை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஆண்டவர் வருகிற நாளில் மாவரைக்கிற இரண்டு பெண்களில் ஒருத்தி மேலே எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் விடப்படுவாள் என்று வேதத்தில் வருமே, அது எங்கள் இரண்டு நாற்காலியையும் பார்த்துச் சொன்னதாகவே எனக்குப் பட்டது. எடுத்துக்கொள்ளப்படுகிறவள் யார் என்பதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. திமிர்தான், வேறென்ன!

"நான் மேல போய்டுவேன், நீ இங்கியே சால்டரிங் வெச்சிக்கினு இரு" என்று அவளைச் சீண்டுவேன்.

"போய்ட்டு வாங்க யக்கா. அன்னைக்கும் உங்க டிக்க நானே போட்டுருதேன்" என்பாள்.

இருபதாம் தேதி வியாழக்கிழமை. நாளைக்கு நிஜமாகவே ஆண்டவர் வந்துவிட்டால்? பொய் டிக்கோடு எப்படிப் போய் நிற்பது? டீ இடைவேளையில் நாகப்பன் சார் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன்.

"சார், ஒரு மாசமா நான் பட்ட செக் பண்ணல. டிக் மட்டும் விழுந்துகினு கீது. மனசாட்சி குத்துது சார்."

அவர் தாளைப் புரட்டினார். பிறகு என் வருகை நேரத்தைப் பார்த்தார். "டிக் போடுற நேரத்துல நீ கேட்டுக்குள்ளயே வரலியேம்மா. யாரு போட்டது?"

பொய் சொன்னால் புதுப் பாவம் ஆயிற்றே! "சுகப்பிரியா" என்றேன்.

அதோடு நிறுத்திவிட்டேன். நான்தான் போடச் சொன்னேன் என்ற வாக்கியம் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதைவிட வெட்கக்கேடு, திரும்பி நடக்கும்போது இறகு மாதிரி இருந்தது எனக்கு. பாட்டுகூட முணுமுணுத்தேன்.

மதியத்துக்குள் சுகப்பிரியாவின் அடையாள அட்டையையும் லைனில் போடுகிற கோட்டையும் வாங்கிக்கொண்டார்கள். காண்ட்ராக்ட் ஆளுக்கு விசாரணை ஏது? எனக்கு ஒரு வார்னிங் லெட்டர். பையை எடுக்க வந்தவள் என் பக்கத்தில் குனிந்தாள்.

"யக்கா, யாரு போட்டுக் குடுத்தாவன்னு தெரியுமா?"

"தெரியலடி" என்றேன்.

ஒரு பொய்யைக் கழுவ ஒரு மாதம் உபவாசம் இருந்தவள், கழுவின ஈரம் காய்வதற்குள் இன்னொன்றைச் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டு, "நீங்க பத்திரமா இருங்க, உங்களயும் மாட்டிவிட்டுறப் போறாவ" என்று சொல்லிப் போனாள். பாவி, என்னைக் காப்பாற்றப் பார்த்தாள்!

மறுநாள் உலகம் அழியவில்லை. பஸ் வந்தது, கேண்டீனில் சேமியா உப்புமா போட்டார்கள், லைன் ஓடியது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து தண்டலத்துக்குப் போனேன். கூட இருந்த சந்தனமாரி கதவைத் திறந்தாள். "அவ அப்பா வந்து நேத்தே கூட்டிட்டுப் போய்ட்டாருக்கா. தையில கல்யாணமாம்" என்றாள்.

தை பிறப்பதற்குள் எதையாவது செய்யவேண்டும் என்று திங்கட்கிழமை நாகப்பன் சாரிடம் ஓடினேன். முழுங்கின வாக்கியத்தைக் கக்கினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாம்மா? பெர்மனன்ட் ஆளு சொல்லித்தான் காண்ட்ராக்ட் பொண்ணு செஞ்சிதுன்னா, ரெண்டு பேருக்கும் வார்னிங்கோட போயிருக்கும். இப்ப அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சு. என் கையில இல்ல."

கழிப்பறைக்குள் போய் அழுதேன். அழுது என்ன பிரயோஜனம்? அன்று ஷிப்ட் முடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் நின்று அவளுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்: கேட்டது நான், காட்டிக் கொடுத்தது நான், தெரியாது என்று புளுகியதும் நான்.

பின்னால் யாரோ அவளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

"சொல்லிட்டீயளா? இப்ப மனசு லேசா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். இறகு மாதிரி நடந்தேன் என்று சொன்னேனே, அந்த நடையைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டாள் போலிருந்தது.

இது 2015. கடைசி நாளுக்காக இப்போதெல்லாம் நான் காலண்டரைப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த நாள் ஒரு வியாழக்கிழமை டீ இடைவேளையில் வந்தது. நியாயத்தீர்ப்பில் கேட்கப்பட்டது ஒரே கேள்வி, நான் பாதி பதில் சொன்னேன். இரண்டு பேரில் விடப்பட்டவள் யார் என்பதிலும் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. நாற்காலியில் மிச்சம் இருப்பது நான்தானே! தினமும் வரிசையில் நின்று, பச்சை விளக்கைப் பார்த்து, என் டிக்கை நானே போடுகிறேன்.

சபையில் ஜெபம் முடியும்போது எல்லோரும் கையை உயர்த்தி, "சீக்கிரமா வாரும் ஆண்டவரே" என்று கதறுவார்கள். என் புருஷன் ஜோயலும் கதறுவார். எனக்கு மட்டும் வாய் வராது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து சங்கரன்கோவிலுக்குப் போன் போடுகிறேன். மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. அதனால் கையைத் தூக்காமல், யாருக்கும் கேட்காமல் நான் கேட்பது இதுதான்: இன்னும் கொஞ்சம் தாமதியும் ஆண்டவரே, அவ போன எடுக்கல.