அப்பாவின் பகல் நித்திரை

என் அப்பாவை நீங்கள் ஒருவரும் கண்டதில்லை. நானும், கண் திறந்திருந்த அப்பாவைக் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன். மட்டக்களப்பு ரயில் ஸ்டேசனில் எஞ்சின் கொட்டகையில் அவருக்கு வேலை. யுத்தம் வருவதற்கு முந்திய காலம் அது. கோச்சியெல்லாம் அப்போது நிலக்கரியில்தான் ஓடின. விடியற்காலையில் கொழும்புக்குப் புறப்படும் கோச்சிக்குப் போதிய ஆவி திரள வேண்டுமென்றால், முதல்நாள் இரவே எஞ்சினுக்குள் நெருப்பு மூட்டிவிட வேண்டும். எண்ணெயில் நனைத்த பழந்துணியையும் விறகையும் கொளுத்தி, அதன்மேல் கரியைக் கொஞ்சங் கொஞ்சமாக அள்ளிப் போட்டு, விடியுமட்டும் அணையாமல் காப்பதுதான் அப்பாவின் வேலை. கோச்சியை ஓட்டுகிறவரை ஊரே பார்க்கும். நெருப்பு மூட்டுகிறவரை யார் பார்க்கிறது? அந்த நேரம் ஊர் நித்திரை.

ஒருநாள் அப்பாவும் நித்திரையாகிவிட்டார். கரிக் குவியலில் சற்றுச் சாய்ந்தவர், எழும்பிப் பார்த்தபோது நெருப்பு அணைந்து கிடந்ததாம். அன்றைக்குக் கோச்சி சுணங்கிப் புறப்பட்டது. கொட்டகைக்குப் பொறுப்பான போர்மன் துரை அப்பாவைக் கூப்பிட்டு, இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேலையும் இல்லை, குவாட்டர்ஸும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அன்றையிலிருந்து அப்பாவைப் பகலில் நித்திரை கொள்ளவைப்பது அம்மாவின் வேலையாயிற்று. அதை அவர் போர்மன் துரையை விடக் கண்டிப்பாகச் செய்தார். தண்டவாளத்தோரம் ஒட்டினாற்போல் கட்டிய தகரக்கூரை வீடுகள்தான் எங்கள் குவாட்டர்ஸ். பகல் முழுக்கப் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதும், எஞ்சின் கூவும். அதெல்லாம் அப்பாவை ஒன்றும் செய்யாதாம். சட்டி மூடி விழுந்தால்தான் எழும்பிவிடுவாராம். ஆகையால் அரிசி இடிக்க அம்மா உரலைத் தண்ணீர்த் தாங்கியடிக்கு உருட்டிக்கொண்டு போனார். எங்கள் சேவல், ஒரு விசேஷமும் இல்லாத நாளில் கறியாயிற்று. நான் எந்த நேரமும் பெருவிரலில் நடந்தேன்.

அப்படியிருக்கையில்தான் அடுத்த வீட்டு மாமியின் மகள் பெரியபிள்ளையானாள். மாமி களுவாஞ்சிக்குடிப் பக்கம். சடங்கைப் பெரிதாகச் செய்ய நினைத்திருந்தார். தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு ஸ்டேசன் வாசலிலிருந்து வருவார், முன்னால் மேளம், பின்னால் பெண்களின் குரவை. எங்கள் வாசலைத் தாண்டித்தான் அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும்.

சடங்குக்கு முதல்நாள் பின்னேரம் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு மாமியிடம் போனார்.

"மச்சாள், மேளத்தை எங்கட வாசல்ல மட்டும் அடிக்காம வரச் சொல்லுங்க. அவர் படுக்கிற நேரம்."

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன கா கதைக்கிறாய்? என்ட புள்ளைட சடங்கைச் செத்தவீடு மாதிரி நடத்தட்டா?"

"செத்தவீட்டுக்கும் மேளம் அடிப்பாங்க தானே மச்சாள்."

"கேளுங்க கதையை! உன்ட மனிசன் நாளைக்கும் படுக்கலாம், நாளையிண்டைக்கும் படுக்கலாம். என்ட புள்ள இன்னொருக்காப் பெரிசாகுவாளா?"

அம்மா அப்படியே நின்றார். நின்றபடியே அவருக்குக் கண் சொருகியதை நான் கண்டேன். இரவில் அப்பாவுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, அவர் கொட்டகைக்குப் போன பிறகு விழித்துக் கிடந்து, பகலில் அவர் நித்திரையைக் காவல் காத்து, அம்மா எப்போது படுத்தார் என்று எனக்குத் தெரியாது. மாமிக்குத் தெரிந்திருக்க வேண்டும். "சரி கா, போய்ப் படு," என்றார்.

அடுத்தநாள் வாசலில் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நான் நின்றேன். தூரத்தில் கேட்ட மேளம் எங்கள் வேலியடிக்கு வந்ததும் நின்றது. மேளக்காரர்கள் மேளத்தை உள்ளங்கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு, பூனை போல் நடந்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். அதற்குள் சிரிப்பு முட்டி ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. கிழட்டு மேளக்காரர் ஒருவர் என் காதுக்குள் குனிந்தார்.

"என்ன மனே, உள்ளுக்குள்ள ஆரும் சீரியஸா?"

"இல்ல. அப்பா நித்திரை."

"குடுத்துவைச்ச மனிசன்," என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எங்கள் வேலி முடிந்ததுதான் தாமதம், அடக்கிவைத்த மேளமும் குரவையும் ஒன்றாக வெடித்தன. தகரக்கூரையே அதிர்ந்தது. நான் உள்ளே ஓடினேன். அப்பா தலை மூடப் போர்த்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஆனால் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த கால்விரல்கள் மேளத்துக்குச் சரியாகத் தாளம் போட்டன.

"அம்மா, அப்பா முழிச்சிருக்கார்!"

அம்மா வந்து பார்த்தார். அவர் காலடி கேட்டதும் விரல்கள் நின்றன. பிறகு ஒரு குறட்டை வந்தது, பெரிய குறட்டை.

"நல்ல நித்திரை," என்றார் அம்மா. கதவை மெதுவாகச் சாத்தினார்.

பின்னேரம் அப்பா எழும்பிச் சோம்பல் முறித்து, "நல்லாப் படுத்தன் கா," என்றார். கண் இரண்டும் நெருப்பாய்ச் சிவந்திருந்தன. "ஓம், நானும் பார்த்தன்," என்று அம்மா தேத்தண்ணியைக் கொடுத்தார். அன்று இரவு எஞ்சினில் நெருப்பு அணையவில்லை. கோச்சி நேரத்துக்குப் புறப்பட்டது.

எனக்கோ பெரிய கோபம். பொய் சொன்னதற்காக என்னை அடிக்கும் அம்மா, என் கண்முன்னால் பொய் சொல்லியிருக்கிறார். அப்பாதான் நித்திரையே கொள்வதில்லையே, பிறகு எதற்கு இந்தப் பெருவிரல் நடை? மறுநாள் மத்தியானம் நடுவீட்டில் இருந்துகொண்டு ஏழாம் வாய்ப்பாட்டை உரத்துப் படித்தேன். ஏழைந்து முப்பத்தைந்து வருமுன் முதுகில் ஒன்று விழுந்தது. அம்மா அவ்வளவு பலமாக என்னை அடித்ததில்லை. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"அவனை விடு கா. எனக்கு ஒண்டும் கேக்கல்ல."

நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். நித்திரையில் கிடப்பவர் கேட்கவில்லை என்று சொல்வாரா? அம்மாவும் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் ஓங்கிய கையை இறக்கி, அந்தக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு நிலத்தில் அமர்ந்துவிட்டார். இவ்வளவு பெரிய பகிடிக்கு அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.