எவரிஸ்தா பட்டினி போட்ட ஒன்பது பேர்

வெள்ளைக் கப்பல் வர ஒன்பது நாள் இருக்கும்போது சான் எலாதியோ சுகாதார நிலையத்துக்கு நகராட்சி வெள்ளையடித்தது. கடலைப் பார்த்த சுவருக்கு மட்டும். மற்ற மூன்று சுவர்களும் கப்பலில் இருப்பவர்கள் கண்ணில் படாது என்பதை மேயர் தோன் அபெலார்தோ படகில் போய் நின்று பார்த்துவிட்டு வந்திருந்தார். கூரை எட்டு இடத்தில் ஒழுகியது. அதுவும் கடலிலிருந்து தெரியாது.

அந்த நிலையத்தின் உதவி நர்ஸ் எவரிஸ்தா நொராலெஸ். படித்தது ஒன்பதாம் வகுப்பு. அதற்குமேல் லா செய்பாவில் ஓராண்டுப் பயிற்சி. வேலையில் பத்தொன்பது வருடம்; வருகிற மார்ச் வந்தால் இருபது. டாக்டர் பணியிடம் மூன்று வருடமாகக் காலி. நாற்காலி மட்டும் இருந்தது, அதில் அவள் பஞ்சு மூட்டையை வைத்திருந்தாள். பிரசவம், காய்ச்சல், காலில் ஏறிய மீன்முள், புருஷன் பெண்டாட்டி சண்டையில் கிழிந்த காது, எல்லாம் அவள் கைக்குத்தான் வரும். ஹோண்டுராஸின் வடக்குக் கடற்கரை முழுக்கத் தேடினாலும் குழந்தைக்கு வலிக்காமல் ஊசி போடுகிற இன்னொரு கை கிடைக்காது. இதைச் சான் எலாதியோ ஒப்புக்கொள்ளும், ஆனால் அவள் எதிரில் ஒப்புக்கொள்ளாது. யாருக்கு எங்கே புண் என்று தெரிந்தவளை எந்த ஊரும் முழுசாக நேசிக்காது.

வடக்கே இருக்கும் பெரிய நாட்டின் கடற்படைக் கப்பல் அது. பக்கவாட்டில் வீடளவு சிவப்புச் சிலுவை. ஆயிரம் படுக்கை இருக்கிறதாம், பன்னிரண்டு அறுவை அரங்கு இருக்கிறதாம். ஐந்து நாள் நிற்கும், எல்லாம் இலவசம். இரண்டு மாதம் முன்பே அதன் ஆட்கள் நாலு பேர் வந்து, அறுவைக்குத் தகுந்தவர்கள் பட்டியல் கேட்டார்கள். எவரிஸ்தா முப்பத்தொரு பேரை எழுதிக் கொடுத்தாள். பேர், வயசு, வியாதி, எத்தனை நாளாய், இரத்த அழுத்தம், எல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தாள். அவர்கள் ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழாவது பெயர் மக்காரியோ சுவாசோ.

மக்காரியோவுக்கு ஐம்பத்தொரு வயது, குடலிறக்கம். படகை மணலில் இழுக்கும்போது ஆறு வருடம் முன்பு தொடங்கியது. இப்போது நடுத்தரப் பப்பாளி அளவு. பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போவார். அந்த வருடத்தில் மட்டும் இரண்டு முறை குடல் வெளியே சிக்கிக்கொண்டது. இரண்டு முறையும் எவரிஸ்தா அவரைப் படுக்கவைத்து, காலை அரிசி மூட்டைமேல் தூக்கிவைத்து, ஒரு மணி நேரம் பொறுமையாக அழுத்தி உள்ளே அனுப்பினாள். மூன்றாவது முறை சிக்கினால் உள்ளே போகாது, குடல் அழுகும் என்று அவளுக்குத் தெரியும். நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் தேதி கேட்டதற்குப் பதினாலு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். பதினாலு மாதம் அந்தக் குடல் காத்திருக்காது. கப்பலை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

கப்பல் திங்கட்கிழமை வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரங்கள் முளைத்தன. முதல் நாளே கண்ணாடி கொடுத்தார்கள். பார்வை நன்றாக இருந்தவர்களும் ஆளுக்கு ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு சுவரில் மோதிக்கொண்டார்கள். நாய்களுக்கு ஊசி போட்டார்கள். கடற்படையின் பேண்டு வாத்தியக் குழு தினமும் நாலு மணிக்கு வாசித்தது. ஒரு வருடமாகக் கேட்டும் தடுப்பூசிக் குளிர்பெட்டி வராத ஊருக்கு ஒரு எக்காளமும் மூன்று மத்தளமும் வந்து சேர்ந்தன. எவரிஸ்தாவுக்கு ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றை மாட்டி, நாற்காலி அடுக்கும் வேலை தந்தார்கள். நாற்பத்தாறு நாற்காலிகள். அதையும் ஒழுங்காகத்தான் அடுக்கினாள்.

அறுவை புதன்கிழமை. அவள் அந்த ஒன்பது பேரையும் செவ்வாய் சாயங்காலமே நிலையத்துக்கு வரவழைத்துப் படுக்கவைத்தாள். ஆறு மணிக்குமேல் ஒரு வாய் சோறு கிடையாது, விடியற்காலம் நாலு மணிக்குமேல் தண்ணீரும் கிடையாது. வீட்டில் விட்டால் தின்றுவிடுவார்கள் என்று கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜன்னல் வழியாக வந்த தேங்காய் ரொட்டிகள் பதினொன்றைப் பிடித்து வைத்தாள். அதில் நாலு, மக்காரியோ மனைவி க்ளோதில்தா கொண்டுவந்தவை.

"அறுக்கப் போற ஆட்டக்கூட தீனி போட்டுத்தான் அறுப்பாங்க," என்றாள் க்ளோதில்தா, ஜன்னலுக்கு வெளியே நின்று.

"உன் ஆடு உயிரோட திரும்பணுமா வேண்டாமா? போய்ப் படு."

புதன் காலை ஆறு மணிக்கு ஒன்பது பேரையும் படகுத்துறைக்கு அழைத்துப் போனாள். பாரிஷ் என்ற பெண் லெப்டினன்ட் கையில் பட்டியலோடு நின்றாள். நல்ல பெண்தான், பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். எவரிஸ்தா தானும் கூட வருவதாகச் சொன்னதைக் கப்பலின் மொழிபெயர்ப்பாளன் இபார்ரா எடுத்துச் சொன்னான்.

"தேவையில்லைங்களாம், கப்பல்ல எல்லா வசதியும் இருக்குதாம்," என்று பதிலைக் கொண்டுவந்தான். "நீங்க நாற்காலியப் பாத்துக்கோங்கன்னு சொல்றாங்க."

படகு போனது. எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அதே படகு திரும்பி வந்தது. ஒன்பது பேரும் இறங்கினார்கள். தலையில் ஆளுக்கு ஒரு புதுத் தொப்பி.

எவரிஸ்தா கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். "என்ன மக்காரியோ அண்ணே, கப்பல்ல இடமில்லையா?"

"தெரியல. மரியாதையா கூட்டிட்டுப் போனாங்க. மரியாதையா திருப்பி அனுப்பிட்டாங்க. தொப்பி நல்லா இருக்குதில்ல?"

"என்ன கேட்டாங்க?"

"பேரு, வயசு. அப்புறம் அந்தத் தம்பி இபார்ரா, 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வேற என்ன சொல்வாங்க? 'சாப்பிட்டேன் தம்பி, கடவுள் புண்ணியத்துல வயிறு நெறஞ்சிருக்கு'ன்னேன்."

"ஒன்பது பேருமா?"

"ஒன்பது பேரும்தான். நாங்க என்ன வளப்பு இல்லாதவங்களா?"

சான் எலாதியோவில் அந்தக் கேள்விக்கு இன்னொரு பதில் கிடையாது. இல்லை என்று சொன்னால் கேட்டவனிடம் பிச்சை கேட்டதாகும். வீட்டுக்காரியின் அடுப்பில் பூனை தூங்குகிறது என்று ஊரறியச் சொன்னதாகும். புயல் வருடத்தில் கூரைமேல் மூன்று நாள் உட்கார்ந்திருந்த குடும்பங்கள்கூட, மீட்கவந்த படகுக்காரன் கேட்டபோது, "ஆச்சு, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றுதான் சொல்லின. இபார்ராவின் பெற்றோர் இந்த மொழியைப் பேசினவர்களாம். ஆனால் அவன் வளர்ந்தது குளிர்பெட்டி நிறைந்திருக்கும் நாட்டில். அங்கே பசித்தவன் பசிக்கிறது என்று சொல்வான். மொழியை வீட்டில் கற்றவனுக்கு வெட்கத்தைக் கற்றுக்கொடுக்க யாருமில்லை.

"அதோட விட்டானா?" என்றாள் எவரிஸ்தா.

"என்ன சாப்பிட்டீங்கன்னான். பொரிச்ச மீனு, வாழைக்கா மசியல்னு சொன்னேன்."

"மீனு வேறயா?"

"பின்ன? வெறும் ரொட்டின்னு சொன்னா க்ளோதில்தாவப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

எவரிஸ்தா ஆரஞ்சுச் சட்டையோடு நேராகப் பாரிஷின் கூடாரத்துக்குப் போனாள். ஒன்பது பேரும் பின்னால் போனார்கள். அவர்கள் பின்னால் கண்ணாடிக்கும் பல்லுக்கும் வரிசையில் நின்ற பாதி ஊர் போயிற்று. க்ளோதில்தா எல்லாருக்கும் முன்னால் நின்றாள்.

பாரிஷ் பட்டியலைக் காட்டினாள். ஒன்பது பெயருக்கு நேரே ஒன்பது சிவப்புக் கோடு. இபார்ரா விளக்கினான்: "வயித்துல சோறு இருந்தா மயக்க மருந்து குடுக்க முடியாதுங்க. உசுருக்கு ஆபத்து. பத்து மணிப் படகுல காத்திருப்புப் பட்டியல்ல இருக்கறவங்க போறாங்க. நாளைக்கு அறுவை கிடையாது."

காத்திருப்புப் பட்டியலை மேயர் தயாரித்திருந்தார். அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஏழு பேர் அவருக்குச் சொந்தம். முதல் பெயர் அவருடைய மைத்துனன். தோளில் எலுமிச்சை அளவு ஒரு கொழுப்புக் கட்டி, இருபது வருடமாக யாருக்கும் தொந்தரவு தராமல் இருந்தது. நாலாவது பெயர் தோன் அபெலார்தோவே. சாப்பிட்டீர்களா என்று கேட்டபோது அவர் இல்லை என்று கூசாமல் சொல்லியிருந்தார். அந்தத் துணிச்சல் வர ஒருவர் இரண்டு தேர்தலாவது நின்றிருக்க வேண்டும்.

"இவங்க யாரும் சாப்பிடல," என்றாள் எவரிஸ்தா. "சாவி இதோ. நான்தான் பூட்டினேன். திரும்பக் கேளு."

இபார்ரா மக்காரியோவைப் பார்த்தான். "ஐயா, உண்மையச் சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?"

மக்காரியோ கூட்டத்தைப் பார்த்தார். க்ளோதில்தாவைப் பார்த்தார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். வயிற்றுக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது, கூடாரத்துக்கே கேட்டது.

"நல்லா சாப்பிட்டேன் தம்பி. இன்னும் ஏப்பம் வருது."

"அண்ணே," என்று பல்லைக் கடித்தாள் எவரிஸ்தா, "செத்துப் போயிடுவீங்க."

"சாகறதுன்னா எல்லாரும்தான் சாவாங்க. வீட்டுல சமைக்கலன்னு சொல்லிட்டு ஒருத்தன் இந்த ஊர்ல உசுரோட இருக்க முடியுமா, நீயே சொல்லு."

மணி ஒன்பது இருபது. மேயரின் மைத்துனன் சட்டையைக் கழற்றிக் கட்டியைத் தடவிக்கொண்டிருந்தான். கேள்வியைத்தான் மாற்ற வேண்டும் என்று எவரிஸ்தாவுக்குப் பட்டது.

"சரி. க்ளோதில்தா ராத்திரி ரொட்டி கொண்டுவந்தாளா இல்லையா?"

"வந்தா. நாலு ரொட்டி," என்றார் மக்காரியோ பெருமையாக.

"அது எங்க போச்சு?"

அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ஆறு வருடத்தில் இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "நீ புடுங்கிக்கிட்ட."

"இவங்ககிட்ட சொல்லுங்க. சத்தமா."

"தம்பி, எழுதிக்கோ. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு இந்தப் பொம்பள எங்கள உள்ள வச்சுப் பூட்டினா. என் பெண்டாட்டி ஆசையா சுட்டுக் கொண்டுவந்த ரொட்டிய வாயில வைக்க விடல. இன்னிவரைக்கும் ஒரு பருக்க உள்ள போகல."

மடை திறந்துவிட்டது. மற்ற எட்டுப் பேரும் ஒரே குரலில் தொடங்கினார்கள். ஒருத்தி தன் மகள் கொண்டுவந்த மீன்குழம்பை எவரிஸ்தா திருப்பி அனுப்பியதைச் சொல்லி அழுதாள். இன்னொருவர் தண்ணீர்கூடத் தரவில்லை, ஜெயிலில்கூடத் தருவார்கள் என்றார். அவர் ஜெயில் கண்டவர். பித்தப்பைக் கல்லுக்கு வந்த பெண், இவள் எப்போதுமே இப்படித்தான், பிரசவத்தின்போது தன்னைக் கத்தக்கூட விடவில்லை என்று பத்து வருடக் கணக்கையும் சேர்த்துத் தீர்த்தாள். க்ளோதில்தா ஒவ்வொன்றுக்கும் சாட்சி சொன்னாள். பத்தொன்பது வருடமாக ஊர் மனதில் வைத்திருந்ததெல்லாம் ஏழு நிமிடத்தில் வெளியே வந்தது. எவரிஸ்தா நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இபார்ரா ஒவ்வொன்றாக மொழிபெயர்க்கப் பெயர்க்கப் பாரிஷின் சிரிப்பு சுருங்கியது. அவள் நீண்ட நேரம் எழுதினாள். பிறகு சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக அடித்தாள். பத்து மணிப் படகில் ஒன்பது பேரும் ஏறினார்கள். மைத்துனன் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

படகு போன பின் பாரிஷ் எவரிஸ்தாவைத் தனியே உட்காரவைத்தாள். நோயாளிகளின் உரிமை பற்றிப் பேசினாள். உணவை மறுப்பது எவ்வளவு தவறு என்று பேசினாள்.

"அறுவைக்கு முன்னால பட்டினி கிடக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் எவரிஸ்தா.

இபார்ரா கேட்டுச் சொன்னான்: "பட்டினி வேறயாம், பூட்டறது வேறயாம். அவங்களா விரும்பி பட்டினி கிடக்கணுமாம்."

"சான் எலாதியோல விரும்பி பட்டினி கிடக்கற ஒருத்தர அவங்க காட்டட்டும், நான் இந்தச் சாவியக் கடல்ல போடறேன்."

அதை அவன் மொழிபெயர்க்கவில்லை. பாரிஷ் அவளிடம் சத்துணவுக் கையேடு ஒன்றைக் கொடுத்தாள். அட்டையில் ஆப்பிளும் பாலும் கேரட்டும் படமாக இருந்தன. மூன்றும் ஊரில் விளைவதில்லை. ஆரஞ்சுச் சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

எட்டுப் பேருக்கு அறுவை நடந்தது. ஒன்பதாவது ஆளுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். அது சரிதான், அவளே பட்டியலில் அதைக் குறித்திருந்தாள். வெள்ளிக்கிழமை கப்பல் கிளம்பியது. மைதானத்துப் பலகையில் நாலாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் பயனடைந்ததாக எழுதியிருந்தது. சான் எலாதியோவையும் பக்கத்து இரண்டு ஊர்களையும் நாய்களோடு சேர்த்து எண்ணினாலும் அவ்வளவு வராது.

அறுவையானவர்கள் கையில் ஆளுக்கொரு சீட்டு இருந்தது. பத்து நாள் கழித்து உங்கள் டாக்டரிடம் தையல் பிரித்துக்கொள்ளவும். பத்தாவது நாள் எட்டுப் பேரும் சுகாதார நிலையத்தின் வெள்ளையடிக்காத பக்கத்து வாசலில் வந்து உட்கார்ந்தார்கள்.

"நல்லா தச்சிருக்காங்க," என்றாள் எவரிஸ்தா, மக்காரியோவின் வயிற்றருகே குனிந்து. நியாயமாகப் பேசுவது அவள் வழக்கம். "ஒரே அளவு இடைவெளி. சுத்தமான கை."

மக்காரியோ கூரையைப் பார்த்தபடி கிடந்தார். "அன்னிக்கு அவ்வளவு பேர் முன்னால உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"கொறச்சுத்தான் சொன்னீங்க. மூச்ச இழுங்க, இது கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். ஆறு வாரத்துக்குப் படகத் தொடக் கூடாது."

"ஆறு வாரமா? அதுவரைக்கும் சாப்பாட்டுக்கு?"

"க்ளோதில்தாகிட்ட கேளுங்க. பொரிச்ச மீனு தருவா."

அவர் சிரிக்கப் போய், வலித்து, நிறுத்திக்கொண்டார். மூன்றாவது முறை சிக்கவிருந்த குடல் உள்ளே தன் இடத்தில் இருந்தது. சைக்கிள் டியூபைக் கையில் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனார்.

அடுத்த வாரம் மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து எவரிஸ்தாவுக்குக் கடிதம் வந்தது. கப்பலின் அறிக்கையில் அவளைப் பற்றி ஒரு பக்கம் இருந்ததாம். எத்தனை நோயாளிகளுக்கு, எந்தக் காரணத்துக்காக உணவு மறுக்கப்பட்டது, விளைவு என்ன என்று மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்க வேண்டும் என்றிருந்தது. அவள் மூன்று நாள் எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கே காகிதத்தில் கோடு போட்டு எழுதினாள். நோயாளிகள் ஒன்பது. காரணம், மயக்க மருந்து. விளைவு, எட்டுப் பேர் குணம், ஒருவர் இரத்த அழுத்தத்துக்கு என்னிடம் சிகிச்சையில். தேதி, கையெழுத்து, முத்திரை.

அதன் கீழே, தையல் பிரிக்கும் கத்தரி மழுங்கிவிட்டது, கூடிய சீக்கிரம் புதிது அனுப்பவும் என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். விளக்கம் ஏற்கப்பட்டதாகப் பதில் வந்தது. கத்தரி பற்றி அதில் ஒன்றும் இல்லை.