அப்பளம் காட்டித்தந்த ஈரம்

மகேஸ்வரன் அண்ணைக்கு நான் ஐயாயிரம் டொலர் கடன்பட்டிருந்தேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? 2009 வைகாசியில் சண்டை முடிந்தது. என் தங்கை இராஜேஸ்வரி பிள்ளைகளோடு வவுனியா முகாமில் உயிரோடு இருக்கிறாள் என்று தொலைபேசி வந்தது. அனுப்பக் கையில் காசில்லை. நான் வேலை செய்த தொழிற்சாலை பங்குனியிலேயே மூடியிருந்தது. அண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துத் தந்தார்.

"ஆவணியில மகளின்ர கலியாணம். ஆடி முடியமுன்னம் மண்டபத்துக்கு மிச்சக் காசு கட்டவேணும். அதுக்குள்ள தந்துபோடு, ரட்ணம்."

"தருவன்" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கடல் கடந்து பார்க்டேலில் வந்திறங்கிக் கோப்பை கழுவினேன், கூரை போட்டேன், தச்சுவேலையைப் பார்த்துப் பார்த்தே பழகினேன். எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அப்போது ஒரு வெள்ளைக்காரர், காரின் பின்னால் கொழுவி இழுக்கும் பழைய ட்ரெயிலர் வீடொன்றை எண்ணூறு டொலருக்கு விற்க வைத்திருந்தார். கட்டில், அடுப்பு, சுவர் நீளத்துக்கு அலுமாரிகள், எல்லாம் இருந்தன. ஆனால் கதவைத் திறந்தால் ஊறின சாக்கு மணம். அதனால்தான் மலிவு. ஈரத்தை எடுத்தால் ஆறாயிரத்துக்குப் போகும் என்று பார்த்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாடகைக்கு வைத்திருந்த காசைக் கொடுத்து வாங்கினேன். மாடியில் குடியிருக்கிறவன் அதை எங்கே நிறுத்துவது? றிச்மண்ட் ஹில்லில் மகேஸ்வரன் அண்ணையின் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். கடன் தந்தவரிடமே இடமும் கேட்க ஒரு துணிவு வேண்டும்.

அண்ணை மூக்கைப் பொத்தினார். "என்னடாப்பா, செத்த மாட்டைக் கொண்டுவந்து வாசல்ல கட்டியிருக்கிறாய்?"

"பொறுங்கோ அண்ணை, பால் கறந்து காட்டிறன்."

"கறக்கிறதைக் கெதியாக் கற. கலியாணத்துக்குப் பந்தல் போட எனக்கு இந்த வாசல் வேணும்."

கூரையில் ஏறிப் பொருத்துகளையெல்லாம் சுரண்டிப் புதிதாகப் பூசினேன். அடுத்த மழைக்குப் பிறகும் மணம் போகவில்லை. உட்சுவர் முழுக்க யாரோ புதுப்பலகை ஒட்டி மறைத்திருந்ததால், தட்டிப் பார்த்தும் ஈரம் எங்கேயென்று பிடிபடவில்லை. முழுவதையும் பிரித்தால் பலகை வாங்கியே முடிந்துபோவேன். ஆடியும் பிறந்துவிட்டது.

ஒருநாள் மனைவி அன்னம் சோற்றோடு பொரித்த அப்பளமும் கட்டித் தந்தாள். அப்பளத்தைப் புறம்பாக முன்பக்க அலுமாரியொன்றில் வைத்துவிட்டு வேலை செய்தேன். மத்தியானம் எடுத்தால் அப்பளம் துணிபோல் தொங்கியது. வீட்டுக்குப் போய் அவளை ஏசினேன்.

"இஞ்சேருங்கோ, என்ர பொரியல்ல குறை சொல்லாதேங்கோ" என்று, அடுப்படியில் மிஞ்சிக் கிடந்த அப்பளத்தை எடுத்து என் முகத்துக்கு முன்னாலேயே ஒடித்தாள். "கேட்டுதோ சத்தம்? பிழை உங்கட பெட்டியில."

எனக்குப் பொறி தட்டியது. வேறு யாருக்கும் தட்டியிராது. இன்னொரு கட்டுப் பொரிப்பித்தேன். மறுநாள் நல்ல வெயில். அலுமாரிக்கு ஒன்றாய் அப்பளம் வைத்துக் கதவுகளைச் சாத்தினேன்.

அண்ணை எட்டிப் பார்த்தார். "ஆருக்கடாப்பா படையல்?"

"ஈரத்துக்கு, அண்ணை. எங்க இருக்குதோ அங்க வந்து தின்னட்டும்."

பின்னேரம் ஒவ்வொன்றாய் எடுத்து ஒடித்தேன். எல்லாம் சடக், சடக். முன்பக்க இடது யன்னலின் கீழ் இருந்த அலுமாரியில் வைத்தது மட்டும் ஒடியாமல் மடிந்தது.

அந்த ஒரு பலகையைக் கழற்றினேன். உள்ளே மரச்சட்டம் பிட்டுப்போல் உதிர்ந்தது. அண்ணையைக் கொண்டே வெளியிலிருந்து யன்னலில் தண்ணீர் ஊற்றுவித்தேன். உள்ளே ஒழுகியது. யன்னல் சட்டத்தின் அடியில் மழைத்தண்ணீர் வெளியே வடியச் சின்னத் துளைகள் இருக்கும். ஒழுக்கை நிறுத்துவதாக நினைத்து எவனோ அந்தத் துளைகளையே பசையால் அடைத்திருந்தான்! வெளியே போகவேண்டிய தண்ணீர் உள்ளே குடியிருந்திருக்கிறது. துளைகளைத் திறந்தேன். யன்னலைக் கழற்றித் திரும்பப் பூட்டினேன். உக்கியதை வெட்டியெறிந்து, காற்றாடி வைத்து நன்றாகக் காயவிட்டு, புதுச்சட்டம் அடித்தேன். மணம் போய்விட்டது.

வாங்க வந்தவர் வின்சன்ற், எங்கள் தமிழ் ஆள்தான், தூண்டிலோடு ஏரி ஏரியாய்த் திரிகிற மனிதர். வேண்டுமென்றே கொட்டுகிற மழையில் வந்தார்.

"மழைக்குள்ளதான் உதுகளின்ர குணம் தெரியும், அண்ணை" என்று என்னிடம் சொல்லியபடி மூலைமூலையாய் அமத்திப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். முன் அலுமாரியைத் திறந்தவர் திகைத்தார். "இதென்ன, அப்பளம்?"

"காலமை வைச்சது. கடிச்சுப் பாருங்கோ."

கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலாலும் அப்பளம் நொறுங்கிய சத்தம் கேட்டது.

வின்சன்ற் மென்றுகொண்டே சொன்னார்: "ஆறாயிரம் கொஞ்சம் கூட, அண்ணை."

"மற்ற அலுமாரியளுக்கையும் அப்பளம் இருக்கு. அதுகளையும் சேர்த்துத்தான் ஆறாயிரம்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவன் வாங்காமல் போகமாட்டான். அதுவும் எனக்குத் தெரியும்.

ட்ரெயிலர் தெருமுனை திரும்பியதும் மகேஸ்வரன் அண்ணை வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கயடாப்பா செத்த மாடு?"

"கறந்தாச்சு. கையை நீட்டுங்கோ."

"உள்ள வா, மேசையில வைச்சு எண்ணுவம்."

"இல்லை அண்ணை. இந்த வாசல்லதான்."

நீட்டினார். அக்கம்பக்கத்துக்குக் கேட்க, நூறு, இருநூறு என்று உரத்து எண்ணி, ஐயாயிரத்தையும் தாள் தாளாய் அவருடைய விரிந்த உள்ளங்கையில் வைத்தேன்.